விண்டு போல்

கச்சேரி மேல்மாடி. மின்விசிறிக்குப் பறக்காமல்
சுற்றுநிருபத்தின் மேல் முத்திரைக்கட்டையை வைத்திருக்கிறேன்.
நாலு மணிக்குள் தமிழ் வேண்டுமாம்.
பதினோராம் பந்தியில் ஒரு சொல்: வின்ட்ஃபோல்.
அதற்கு இருபத்தைந்து வீதம் வரி.

நான் வாசிக்க வாசிக்கத் தட்டெழுதும் சுபோதினி
காதில் விழுந்தபடி
'விண்டு போல்' என்று அடித்துவிட்டாள்.
விண்டு என்றால் பிளந்து.
பிழைதான். அழிக்கச் சொல்ல வாய் வரவில்லை.

சொல்லைக் கழற்றினால் இரண்டு துண்டு:
காற்று, விழுகை.
தடித்த அகராதி சொல்கிறது,
சீமையில் காடெல்லாம் பிரபுவுக்கு,
கோடரி வைத்தால் குற்றம்.
காற்றுத் தள்ளிய கொப்பை மட்டும்
குடியானவன் இழுத்துப் போகலாம்.
அவன் அடுப்பெரிந்த சந்தோசம்தான்
நாளாக நாளாக
லொத்தர் விழுவதற்கும் மாமன் சொத்து வருவதற்கும்
பெயராகிப் போனது.

அந்த ஊர்க் காற்றுக்குக்
கொப்பு முறிக்க மட்டுமே தெரிந்திருக்கிறது.

எழுபத்தெட்டுக் கார்த்திகை. ஆரையம்பதி. எனக்கு ஏழு வயது.
விடியப் பார்த்தால்
உதுமாலெவ்வைக் காக்காவின் தென்னை:
வேர் அவர் வளவில், வட்டு எங்கள் குசினிக்குள்.
அவர் வீட்டுத் தகரம் எங்கள் கிணற்றில்.
எங்கள் கூரை எங்கே என்று
யாரும் கேட்கவில்லை.

அப்பா தேங்காய்களை எண்ணினார். நாற்பத்துமூன்று.
காக்கா வேலி இருந்த இடத்தில் நின்றார்,
வேலி இன்னும் இருப்பதுபோல.
"மரம் எங்கட. விழுந்த இடம் உங்கட.
மறுகா என்ன செய்வம்?"
ஆளுக்கு இருபத்தொன்று.
மிச்சம் ஒன்று
இரண்டு வளவுக்கும் நடுவில் கிடந்தது, முளை கட்டாமல்,
ஒருவரும் தொடாமல்.

பதினொரு நாள் தேங்காய் தின்றோம்.
சோறில்லை, புளியில்லை, வெறும் தேங்காய்.
விதானையார் கொண்டுவந்த படிவத்தில்
'சேதம்' என்று ஒரேயொரு நிரல்.
அப்பா குசினியை எழுதினார், ஆட்டை எழுதினார்,
பிறகு கேட்டார்,
கிடைத்ததை எங்கே எழுதுவதென்று.
விதானையார் சிரிக்கவில்லை. அவருடைய வீடும் போயிருந்தது.

மூன்று ஐம்பது.
'எதிர்பாரா ஆதாயம்' என்று எழுதிக் கையொப்பமிடுகிறேன்.
சரியான சொல். திறைசேரி ஏற்ற சொல்.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கணக்கு:
நாற்பத்துமூன்றில் இருபத்தைந்து வீதம்
பத்தேமுக்கால் தேங்காய்.

சுபோதினி,
அந்த முக்காலை எப்படி விண்டு கொடுப்பது?