பச்சை மை

சிவப்பு வேண்டாம் என்றார் தலைமையாசிரியை,
மிகப் பணிவாக,
பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தியபடி.
பிள்ளைகள் மிரளுகிறார்களாம்,
தாள் முழுக்க ரத்தம் மாதிரி இருக்கிறதாம்.
பச்சையில் திருத்துங்களேன்.

சங்கரன்கோவிலில் பேரம் பேசி வாங்கிய
இரண்டு டஜன் சிவப்புப் பேனா
ரசப்பொடிக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே படுத்துக்
கடல் தாண்டி வந்திருந்தது.
மில்டூராவில் அன்று நாற்பத்து மூன்று டிகிரி.
ஸ்வெட்டரும் வீண்.

முதல் நாள் வகுப்பு வாசலில் நின்றேன்.
யாரும் எழுந்திருக்கவில்லை.
பதினோரு வருஷப் பழக்கத்தில் என் கால்கள் மட்டும்
பெஞ்சுகள் கிறீச்சிடும் சத்தத்துக்குக் காத்திருந்துவிட்டுப்
பிறகு தாமாகவே உள்ளே போயின.

விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்டிருந்தார்கள்.
எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது.
இனிஷியலை விரித்து அப்பாவை அங்கே உட்காரவைத்தேன்.
ஆகவே நான் மிஸ் இசக்கிமுத்து.
புதன்கிழமை மிஸ் இசக்கி.
வெள்ளிக்குள் மிஸ் ஐசக்.
எல்லை காக்கும் அம்மன் ஒருத்தி
ஐந்தே நாளில் பைபிளுக்குள் போய்விட்டாள்.
நான் திருத்தவில்லை,
எந்த நிறத்திலும்.

‘ஹவ் ஆர் யூ கோயிங்’ என்று கேட்டால்
‘பஸ்ஸில்’ என்று சொல்லக் கூடாது.
‘நாட் பேட்’ என்றால் பிரமாதம்.
செப்டம்பரில் மேக்பை தலையைக் கொத்த வரும்,
தொப்பியின் பின்பக்கம் இரண்டு கண் வரைந்துகொள்ளுங்கள் மிஸ்
என்று சொல்லித்தந்தவன் ப்ரோடி.
பின்னத்தை இன்னும் தலைகீழாக்கிப் பெருக்கத் தெரியாதவன்.
வரைந்துகொண்டேன்.
சிவப்புப் பேனா அதற்காவது ஆயிற்று.

சூப்பர் மார்க்கெட்டில்
என் கொத்தமல்லியை ஸ்கேன் செய்கிற பெண்
காலையில் வீட்டுப்பாடம் கொண்டுவராதவள்.
‘ரசீது வேண்டுமா மிஸ்?’
‘வேண்டாம். வீட்டுப்பாடம்?’
பின்னால் வரிசை நீள்கிறது.

இரவில் பச்சைப் பேனாவோடு விடைத்தாள்கள்.
எங்கள் பக்கம் பச்சை, அதிகாரிகளின் மை.
கெசட்டெட் ஆபீசர் தவிர யார் தொட்டாலும் அதிகப்பிரசங்கித்தனம்.
நான் பி.எட். சேர்ந்த வருஷம்
சான்றிதழ் நகல் ஆறு செட்டோடு
அப்பா ஒரு கால்நடை மருத்துவர் வீட்டு முன்னால் நின்றார்,
காலை ஏழு மணிக்கு,
எருமையோடு வந்தவர்களுக்குப் பின்னால்.
மாடுகள் எல்லாம் முடிந்து எங்கள் முறை வந்தபோது
மை தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாரும் என்றார் டாக்டர்.
அடுத்த நாளும் போனார்.

இங்கே எட்டாம் வகுப்புப் பின்னங்களின் மேல்
பச்சை டிக் போடப் போட
யாரோ பார்த்துவிடுவார்கள் என்று
ஜன்னல் திரையை இழுத்துவிட்ட இரவும் உண்டு.

மூன்றாம் வருஷம் வேலை நிரந்தரமாயிற்று.
அந்த வாரமே பக்கத்து வீட்டு சேலா கதவைத் தட்டினாள்.
திராட்சை பாக்கிங் ஷெட்டில் வேலை, விரலெல்லாம் டேப்.
கையில் மகனின் பிறப்புச் சான்றிதழ்,
டோங்காவிலிருந்து நான்காய் மடிந்து வந்த அசலும்
இன்னும் சூடாறாத நகலும்.
நீ டீச்சர்தானே, கையெழுத்துப் போடலாமாம் என்றாள்.
பட்டியலையும் காட்டினாள்.
வழக்கறிஞர், போலீஸ்காரர், மருந்துக்கடைக்காரர்.
கால்நடை மருத்துவரும் இருந்தார்.
ஆங்கில அகரவரிசையில்
அவருக்குச் சற்று மேலே நான்.

உட்காரச் சொன்னேன். டீ போட்டேன்.
அசலையும் நகலையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து
எழுத்து எழுத்தாய் ஒப்பிட்டேன்,
தேவைக்கு மேலேயே நேரம் எடுத்து.
பச்சைப் பேனாவைத் திறந்தேன்.

‘நீலம் அல்லது கறுப்பு’ என்றாள் சேலா,
படிவத்தின் அடியில் பொடி எழுத்தைத் தொட்டு.

வீடு முழுக்கத் தேடினோம்.
பச்சை ஒன்பது. சிவப்பு இருபத்திரண்டு.
கடைசியில் அவள் மகனின் பள்ளிப்பையிலிருந்து
மூடி கடிபட்ட நீலப் பேனா ஒன்று வந்தது.

உண்மை நகல் என்று எழுதிக்
கட்டத்துக்கு ஓர் எழுத்தாய்ப் பெயரை நிரப்பினேன்.
கோமதி அடங்கினாள்.
இசக்கிமுத்துவுக்குக் கட்டம் போதவில்லை.
கோட்டுக்கு வெளியே போனார் அப்பா.

‘பரவாயில்லை, வாசிக்க முடிகிறது’ என்று
மை காய ஊதினாள் சேலா.