நாலாவது கால்

மல்லாவிச் சந்திக்கு இந்தப் பக்கம்
குலவீரசிங்கத்தின் மில்லில்
பதினைந்து குதிரைவலு மோட்டர்
மூன்று கிழமையாக அழுகிறது என்றார்கள்.

அழுகையில்லை.
ஒரே சுருதி. ம்ம்ம் என்று
வாயை மூடிக்கொண்டு கோபப்படுகிற ஆளின் சத்தம்.

ஆளுக்கொரு வியாதி சொன்னார்கள்.
மூடை இறக்க வந்தவன் பெயரிங் என்றான்,
கிளிநொச்சியில் விசாரித்துவந்த மச்சான் வைண்டிங் என்றான்,
வேலிக்கு அங்கால் ரியூசன் கொட்டிலில்
ஓ.எல். கணிதம் படிப்பிக்கிற அற்புதராணி ரீச்சர்
"என்னவோ, அதை நிப்பாட்டுங்கோ" என்றா.

ஸ்குரூ ட்ரைவர் நுனியை பெயரிங் மூடியில் ஊன்றி
பிடியைக் காதுக்குப் பின் எலும்பில் வைத்தேன்.
உள்ளே குண்டுமணிகள்
கிறீஸில் ஊறி
சண்டையில்லாமல் உருண்டுகொண்டிருந்தன.

பெல்ற்றைக் கழற்றினேன். சத்தம் அப்படியே.
"இப்ப கரண்டை வெட்டுங்கோ."
வெட்டினார்.
சுற்று நிற்கவில்லை, சத்தம் நின்றது.
அந்தக் கணமே,
பெயர் சொல்லி அதட்டினதுபோல.
சில்லு தன்பாட்டில் சுழன்று ஓய அரை நிமிடம்.
அந்த அரை நிமிட அமைதிதான்
எனக்கு வேண்டிய வாக்குமூலம்:
தேய்மானமில்லை, காந்தம்.

காந்தம் ஏன் முனகும்?
நடுவில் இருக்கவேண்டியது
நடுவில் இல்லாவிட்டால்.

"நான் நல்லா இறுக்கித்தானே விட்டனான் பிள்ளை,
சத்தம் கூடக் கூட இறுக்கினனான்."
ஓம் அண்ணை. அதுதான்.

திரும்ப ஓடவிட்டு
நட்டுகளை ஒவ்வொன்றாய் இளக்கி இறுக்கினேன்.
ஒன்று, ஒன்றுமில்லை.
இரண்டு, மூன்று.
நாலாவதில் அரைச் சுற்று,
முனகல் தொண்டைக்குள் இறங்கிப்போனது.

மாரிக்குப் பின் ஒரு மூலை தாழ்ந்த கொங்கிறீட்.
காலுக்கும் தளத்துக்கும் நடுவில்
நகம் நுழையாத வெளி.
அதை நட்டால் மூடப்போய்
மனுசன் இரும்பை வளைத்திருக்கிறார்.

கரண்டை வெட்டிவிட்டு
மத்தியானச் சமையலில் மிஞ்சிய மீன் ரின்னை
இரண்டு தகடாய் வெட்டி, விளிம்பு தேய்த்து,
காலின் கீழ் செருகினேன்.
இனி இறுக்கலாம்.

ஓடியது.
குலவீரசிங்கம் நம்பாமல்
உள்ளங்கையை அதன் முதுகில் வைத்துப் பார்த்தார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.

வேலிக்கு அங்கால் ரீச்சர்
மூன்று கிழமையாய்க் கத்திப் பழகின அதே குரலில்
"எக்ஸின் பெறுமதி என்ன?" என்றது
சந்திவரை கேட்டிருக்கும்.
பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு அவவும்.
மைனஸ் ஏழு என்று
ஆரோ மெல்லச் சொன்னதும் கேட்டது.

நான் கூலியை எண்ணும்போது
மில் பூனை வந்து
நாலாவது காலை மோந்துகொண்டு நின்றது.