குளிர்காலக் கணக்கு

படிவத்தின் தலையில்
குளிர்காலம் என்று அச்சடித்திருக்கிறது.
என் நெற்றி வியர்வை அதன் மேலேயே சொட்டி
குளிர் மட்டும் கொஞ்சம் ஊறிவிட்டது.
டிசம்பர். தெலுக் ஆயர் தாவார்.
காலை ஒன்பதுக்கே ஐஸ் பெட்டியில் ஐஸ் இல்லை.

புஷ்பலீலாவின் தொலைநோக்கி
என் மோட்டார் சைக்கிளைவிட விலை கூடியது.
அதன் மூன்று கால்களையும் மணலில் ஊன்றி
பின்னால் ஒற்றைக் கண்ணாக நிற்கிறாள்.
நான் எழுதுகிறவன்.
நாலு நாளாக எங்களுக்குள் பேச்சில்லை,
எண்களைத் தவிர.

"பவளக்காலி, நூற்றுப் பதினாறு."
எழுதினேன்.
"கருவால் மூக்கான், நானூற்று ஒன்பது."
எழுதினேன்.
"பெரிய கோட்டான், முப்பத்தொன்று.
இல்லை, முப்பது. ஒன்று மரக்கட்டை."
அடித்து எழுதினேன்.

தண்ணீர் ஏறுகிறது.
சேறு சுருங்கச் சுருங்க
பறவைகள் எங்களை நோக்கி நடந்து வருகின்றன,
விருப்பமில்லாமல் அழைக்கப்பட்ட விருந்தாளிகள்போல,
அடிக்கொரு தரம் தரையைக் குத்திப் பார்த்துக்கொண்டு.
சைபீரியாவிலிருந்தாம்.
கச்சான் கொட்டை அளவு மூளைக்குள்
இந்தக் கரைக்கு வழி இருக்கிறதாம்.
எனக்குப் பட்டர்வொர்த்திலிருந்து வரவே
இரண்டு இடத்தில் விசாரிக்க வேண்டியிருந்தது.

சிப்பி அள்ளும் ரோஸ்லி
படகை இழுத்துக்கொண்டே கேட்டார்:
"நிறைய இருக்கா?"
"நிறைய," என்றேன்.
அவருக்கு அது போதும்.

என் வீட்டில் போதாது.
தம்பி தேவேந்திரனுக்குக் கொடுத்தது
ஆயிரம் இருக்கும் என்றேன், சுமாராக.
வங்கிப் புத்தகத்துக்குச் சுமாராகப் பேசத் தெரியாது.

பதினொன்றேகால்.
மணல் உப்புக்கொத்திகளில் அவள்
ஆயிரத்து இருநூறைத் தாண்டியிருந்தபோது
கடற்கழுகு வந்தது.
எதையும் பிடிக்க வரவில்லை. சும்மா
கரை நெடுக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனது.

எல்லாம் எழுந்துவிட்டன.
வெள்ளை, பழுப்பு, மறுபடி வெள்ளை,
யாரோ இருவர் ஆளுக்கொரு முனை பிடித்து
நனைந்த சேலையை உதறியதுபோல.
சத்தம் பிறகுதான் வந்தது.
கடலுக்கு அப்பால் கொம்தார் கோபுரம்
ஒரு நொடி காணாமல் போய்த் திரும்பி வந்தது.

"ஆயிரத்து முந்நூறு என்று போட்டுவிடவா?"

கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.
கண்ணைச் சுற்றி ரப்பர் வளையத்தின் தடம்.
"எண்ணாததை எண்ணவில்லை என்று எழுது."
எழுதினேன், அடுத்த தாளிலும் பதியும்படி.

அவை இறங்க நேரமாகும் போலிருந்தது.
நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்தோம்.
நெத்திலியை வழக்கமாக என் பக்கம் ஒதுக்குவாள்.
இன்றைக்கு ஒவ்வொன்றாக அவளே தின்றாள்,
பிடிக்காமலே.

"நாலாயிரத்து இருநூற்றைம்பது," என்றேன்.

எந்தப் பறவை என்று அவள் கேட்கவில்லை.
பாட்டில் தண்ணீரில் விரல் கழுவினாள்.
குனிந்து கண்ணை வைத்தாள்.
அலை பக்காவ் வேர்கள்வரை வந்துவிட்டது.

"இடது ஓரத்தில் கோட்டான், ஏழு. எழுது."

எழுதினேன்.
நெடுநேரம் கழித்து, கண்ணை எடுக்காமலே,
"அந்த ஐம்பது எதற்கு?"

"பெட்ரோலுக்குக் கேட்டான்."

தொலைநோக்கி லேசாக ஆடியது.
கோட்டான்களை
மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.