பத்தொன்பது கிலோ

எத்தனை நாள் வரும் என்று
புதிதாய்க் கடை போடுகிறவர்கள் கேட்கிறார்கள்.
போன மாதம் சத்துவாச்சாரியிலிருந்து ஒருத்தர்
நோட்டும் பேனாவுமாய் வந்து நின்றார்.
மூணு நாள் என்றேன்.
எழுதிக்கொண்டார்.
எந்த மூணு நாள் என்று
அவர் கேட்கவே இல்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு என்றால் சரி.
செவ்வாயில் மாட்டினால் நாலைத் தொடும்.
புரட்டாசியில் கோழி குறையும், கேஸ் குறையாது.
வெறுங்கம்பி சுற்றினாலும் தீ தீதான்.

நாலு பர்னர், ஐந்து கம்பி.
கோட்டைப் பக்கமிருந்து காற்று அடித்தால்
கீழ் பர்னரில் நீலம் கலைந்து படபடக்கும்.
அன்றைக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் கால்மணி கூட.
மறைப்புக்குக் கொஞ்சம் தள்ளி
பழைய பேனர் ஒன்று கட்டியிருக்கிறேன்.
யார் வீட்டுக் காதணி விழாவோ,
மொட்டைத்தலைக் குழந்தையொன்று
ஒரு வருஷமாய் என் கோழிகளைப் பார்த்துச் சிரிக்கிறது.

மீதி எவ்வளவு என்று அறிய
ஈரத்துணியால் மேலிருந்து கீழே துடைக்கச் சொல்வார்கள்.
கேஸ் நிற்கிற மட்டம் வரை ஈரம் காயாதாம்.
மே மாத வேலூரில் அந்த வித்தை பலிக்காது.
துணியை எடுப்பதற்குள் எல்லாம் காய்ந்துவிடும்.
தூக்கிப் பார்ப்பேன்,
இடுப்பு பிடித்தால் இன்னும் இருக்கிறது.
தவுலத் தூக்கமாட்டாள்.
கல்லாவில் உட்கார்ந்தபடி
"சத்தம் மாறுது" என்பாள்.
ஒருநாளும் தப்பியதில்லை.

அந்த ஞாயிறும் சொன்னாள்.
ஸ்பேர் சிலிண்டரை மதியமே
பிரியாணிக்கடை மக்பூலுக்குக் கைமாற்றாய்க் கொடுத்திருந்தேன்.
அதை அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

ஒன்பதே முக்காலுக்குத் தீ மஞ்சளாகி
ஒரு தடவை குதித்து
உட்கார்ந்துவிட்டது.
கம்பியில் எட்டுக் கோழி, வேக இருபது நிமிஷம் பாக்கி.
சாய்த்துப் பார்க்கலாமா என்றேன்.
அவள் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டேன்.

நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராய் எதிர்க்கடைக்குப் போனார்கள்.
ஷிபேன் மட்டும் போகவில்லை.
மால்டாக்காரர், பாபுராவ் தெரு லாட்ஜில் நாற்பத்தோரு நாளாய்.
தம்பிக்கு விடிந்தால் ஆபரேஷன்,
ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது.
தம்பி கேட்டது இது ஒன்றுதான்.

"குடு பாய். ரூம்ல கேஸ் கீது."

மொழியை எங்கள் தெருவிலேயே பிடித்திருக்கிறார்.

அஞ்சு கிலோ சின்ன சிலிண்டர்.
சோறு, பருப்பு, இரண்டு பேர்: பதிமூன்று நாள்.
பத்து நாளில் ஊருக்கு என்று டாக்டர் சொன்னதில்
இப்போது ஓடுவது நாலாவது.
கணக்கை என்னைவிடச் சுத்தமாய் வைத்திருந்தார்.
கோழியைத் துண்டு போட்டேன்.
சின்னத் தீ, மூடி வை, இருபது நிமிஷம் என்றேன்.
காசு எண்ணும்போது நிறுத்தினார்:
"இருபது நிமிஷம் என் கேஸ். கழிச்சுக்கோ."
கழித்தேன்.
தவுலத் மயோனைஸ் இரண்டு டப்பா சேர்த்து வைத்தாள்,
அதற்குக் கணக்கு இல்லை.

மிச்ச ஏழும் எங்கள் வீட்டுக் குழம்பில் மூன்று நாள் வந்தன.

பிறகு ஒரு மாலை கடை வாசலில் ஆட்டோ.
உள்ளே ஒல்லியாய் ஒருவன், முகக்கவசம்,
மடியில் மருத்துவமனைப் பை.
ஷிபேன் இறங்கி வந்தார்.
சின்ன சிலிண்டரில் இன்னும் பாதி கீது என்றார்.
மீதிக்கு லாட்ஜில் காசு திருப்புவதில்லை.
பக்கத்து அறைக்கு ராஞ்சியிலிருந்து வந்தவர்களிடம் விட்டுவிட்டாராம்.
எத்தனை நாள் வரும் என்று அவர்களும் கேட்டார்களாம்.

இவர் என்ன சொன்னாரென்று கேட்பதற்குள்
ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்தினான்.
காட்பாடியில் ரயிலுக்கு நேரம்.

அன்று ராத்திரி சத்துவாச்சாரிக்காரர் போன் செய்தார்.
"மூணு நாள்னு சொன்னீங்களே,
ரெண்டரைதானே வந்தது?"

காத்து எந்தப் பக்கம் என்றேன்.