மூடியைச் சாத்தினால்

கோட்டூர் கொள்முதல் நிலையத்தில்
சஸ்பெண்ட் என்றால்
முதலில் வேறொன்றுதான் ஞாபகம் வரும்.
போன வெள்ளிக்கிழமை உத்திராபதி சாருக்கு வந்தது,
இருபத்திரண்டு ஈரத்தைப்
பதினேழு என்று எழுதியதற்காக.
அவர் நாற்காலியும் லேப்டாப்பும் இப்போது என்னிடம்.

லினக்ஸ் போட்ட பழைய மெஷின்.
மூடியைச் சாத்தினால் தூங்கிவிடும்.
திறந்தால் எழாது.
விசிறி சுற்றும், திரை கறுப்பு.
பவர் பட்டனைப் பத்து எண்ணும்வரை அழுத்தி
மறுபடி முதலிலிருந்து.
நேற்று மூன்று டோக்கனுக்குப் போட்ட பில்
அப்படித்தான் போனது.

ஏழரைக்குக் கரண்ட் போய்விட்டது.
பேட்டரி முப்பத்தெட்டு.
களத்தில் தார்ப்பாய்க்கு அடியில் சம்பா நெல்,
முத்துப்பேட்டைப் பக்கம் மின்னல்.

டெர்மினலைத் திறந்து
எந்தத் தூக்கம் தூங்குகிறாய் என்று கேட்டேன்.
இரண்டு பெயர் சொன்னது.
அடைப்புக்குறிக்குள் இருந்தது ஆழ்ந்த தூக்கம்.
அதில் பேட்டரி சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும்.
ஆனால் போன வழியே திரும்பிவர
இதற்குத் தெரியவில்லை.
இன்னொன்று கோழித் தூக்கம்.
கொஞ்சம் கூடத் தின்னும்,
கூப்பிட்டால் எழுந்துவிடும்.

மாற்றப் போனால் பாஸ்வேர்டு கேட்டது.
உத்திராபதி சாருக்குப் போன் போட்டேன்.
"ஆடுதுறை நாற்பத்து மூணு.
இங்கிலீஷ்ல, நடுவுல இடம் விடாம."
வேறெதுவும் அவர் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
வைப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

மாற்றினேன்.
ரீபூட் ஆனால் மறந்துவிடும் என்பதால்
க்ரப் கோப்பிலும் ஒரு வரி.
வெளிச்சத்தைக் கால்வாசி ஆக்கினேன்,
புளூடூத்தை நிறுத்தினேன்.
பேட்டரி பத்துக்கு வந்தால்
எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதிவிட்டு அணையச் சொல்லலாம் என்று பார்த்தேன்.
ஸ்வாப் போதவில்லை. விட்டுவிட்டேன்.

மூடியைச் சாத்தி வெளியே வந்தேன்.
ஐந்து நிமிடமாவது தூங்கட்டும்.
நாற்பத்தொன்றாம் டோக்கன் வைரக்கண்ணு
துண்டை முகத்தில் போட்டு
குவியல் ஓரம் படுத்திருந்தார். குறட்டை.
ஒரு துளி விழுந்தது, என் கையில்.
அடுத்தது அவர்மேல் விழுந்திருக்க வேண்டும்.
கண் திறக்கும் முன்
கை தார்ப்பாய்க் கயிற்றில் இருந்தது.
இருவரும் இழுத்துக் கட்டினோம்.
மேற்கு மூலை எட்டவில்லை.

உள்ளே வந்து மூடியைத் திறந்தேன்.
ஒரு நொடி கறுப்பு.
பிறகு விட்ட இடத்திலேயே பில்:
டோக்கன் நாற்பத்தொன்று,
மூட்டை அறுபத்திரண்டு.
ஈரப்பதம் என்ற கட்டம் காலி.
அதற்குள் கர்சர்
விட்டு விட்டு மின்னுகிறது.
கூரைத் தகரத்தில் மழை.
பேட்டரி இருபத்தொன்பது.