ஒன்பதாம் பக்கம், நான்காம் கட்டம்

பிரிட்ஜ்போர்ட்டில் நாங்கள் பதினாறு பெண்கள்,
சாய்மேசைகள், ஒழுகும் கூரைக்கு ஒரு வாளி.
பக்கத்துக்கு ஒன்பது செல்லுலாய்டு தாள்:
மஞ்சளுக்கு மூன்று, சிவப்புக்கு மூன்று, நீலத்துக்கு மூன்று.
பூசுவதோ எல்லாவற்றிலும்
ஒரே செங்கல் நிறக் குழம்பு.
காமிராவுக்கு அது போதும்.
வானத்தைச் செங்கல்லில் பூசியிருக்கிறேன்,
புல்லை, டாங்கியை, செவிலியின் கண்ணை.
கடைக்கு இதழ் வரும்வரை
எது என்ன நிறமென்று கண்டதில்லை.

‘பதின்மூன்றாவது ஆள்’.
விலை பதினைந்து சென்ட்.
பெல்ஜியத்துக் காடு, பனி, பன்னிரண்டு சிப்பாய்கள்.
அந்தியில் சார்ஜென்ட் பிரானக் தலை எண்ணுவார்,
எண்ணும்போதெல்லாம் பதின்மூன்று.
முதல் இதழில், மூன்றாம் பக்கத்திலேயே
கண்ணிவெடியை மிதித்துவிட்ட
கார்ப்பரல் டன்ஹோம்
வரிசையின் கடைசியில் நின்று
பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருப்பான்.
செத்தது அவனுக்குத் தெரியாது.
யாரும் சொல்லவும் இல்லை.
சிகரெட்டில் அவனுக்கும் ஓர் இழுப்பு ஒதுக்கினார்கள்.
அவ்வளவுதான் கதை,
நாற்பத்தொரு இதழுக்கும்.

படம் வரைந்தவர் நுணுக்கக்காரர்.
குளிரில் பன்னிரண்டு வாயிலும் ஆவி.
ஆவியின் வாயில் மட்டும் ஆவி இல்லை.

இரத்தம் கூடாதென்று நியூயார்க்கில் ஒரு விதி,
ஆகையால் இரத்தம் கறுப்பு.
தோலுக்கு மஞ்சளில் கால், சிவப்பில் கால்.
யாருடைய தோலென்று அந்நாளில் கேட்பாரில்லை.
பனிக்குக்கூடக் கால்பங்கு நீலம் உண்டு.
டன்ஹோமுக்குக் குறியீடே எழுதியிருக்கவில்லை.
தொலைபேசியில் கேட்டேன்.
“ஒன்றும் போடாதே,” என்றார் ஆசிரியர் ஃபெர்பர்,
“காகிதமே போதும், மையும் மிச்சம்.”
அப்படித்தான் அவன்
மை விழாத இடமாக
மாதாமாதம் நடந்தான்.

முப்பத்தொன்றாம் இதழில்
அவன் முகத்துக்குத் தோல் பூசினேன்.
ஒரே ஒரு கட்டத்தில்.
பல்வலி என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன்.
பல்லும் வலித்ததுதான்.
கூலியில் ஒரு டாலர் போயிற்று.

ஆறு வாரம் கழித்து ஒரு கடிதம்,
ஓகினாவா இராணுவ மருத்துவமனையிலிருந்து.
எழுத்து முழுக்க இடப்பக்கம் சாய்ந்திருந்தது,
புதிதாக எழுதப் பழகிய இடது கை.
“ஒன்பதாம் பக்கம், நான்காம் கட்டத்தில்
டன்ஹோமுக்கு முகத்தில் நிறம் வந்திருக்கிறது.
எங்கள் வார்டில் பந்தயம் கட்டியிருக்கிறோம்.
இது பிழையா, செய்தியா?
சிப்பாய் ஆர். ஓகர்லண்ட்.”
ஓரத்தில் நீலப் பென்சிலால் ஃபெர்பர்:
கவனம்.

மேசை இழுப்பறையில் வைத்தேன்.
பிழை என்று எழுதினால்
அந்த வார்டில் யார் தோற்பார்கள் என்று தெரியவில்லை.
செய்தி என்று எழுத
நான் யார், பக்கத்துக்கு இவ்வளவென்று கூலி வாங்குபவள்.
பிறகு தொடர் நின்றது,
பிறகு அச்சுக்கூடம்.
இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

போன சனிக்கிழமை
ஸ்ட்ராட்ஃபர்டில் ஒரு தேவாலயக் கூடத்தில்,
பழைய ஸ்கேட்டிங் ஷூக்களுக்கும் வாஃபிள் அச்சுக்கும் நடுவே,
முப்பத்தொன்றாம் இதழ். நாற்பது டாலர்.
பேரம் பேசி முப்பத்தைந்து.

காரிலேயே பிரித்தேன்.
மலிவுக் காகிதம், தேநீர் சிந்திய நிறம்.
பிரானக்கின் சிவப்பு வெளுத்திருக்கிறது,
எல்லோர் கன்னத்திலும் சோகை.
பன்னிரண்டு வாயின் மூச்சும் பழுத்திருக்கிறது.
டன்ஹோம் மட்டும்
பக்கத்துக்குப் பக்கம்
வெயிலில் நின்று வந்தவன்போல
மாநிறமாயிருக்கிறான்.
நான் ஒரு துளி தொடவில்லை.
காகிதம் தானாகச் செய்த வேலை.

ஒன்பதாம் பக்கம், நான்காம் கட்டம்.
எந்தக் கட்டத்தில் பூசினேன் என்று
தெரிந்த கண்ணுக்கே தேட வேண்டியிருந்தது.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு
தலைகளை எண்ணினேன்.

அன்புள்ள ஓகர்லண்ட்,
பந்தயத்தில் நீ எந்தப் பக்கம் கட்டினாய் என்று
எழுதவே இல்லையே.
எப்படியானாலும்
அது பிழையில்லை.
கொஞ்சம் முந்திவிட்டது,
அவ்வளவுதான்.