மலையேறுவோர் கவனத்திற்கு

நாகலாபுரம் மலைக்கு வெள்ளி வரை ஆரஞ்சு எச்சரிக்கை.
ஓடையில் வரத்து கூடும், பாறையில் பாசி,
பகல் இரண்டு மணிக்கு மேல் ஏற வேண்டாம்.

எடைமேடைக் கூண்டில் உட்கார்ந்து
போனில் படித்துக்கொண்டிருக்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமை வேனுக்கு
நானூற்றைம்பது கட்டியாயிற்று.
வாங்கிய ஷூவில் இன்னும் மண் படவில்லை.

கண்ணாடியில் முகத்தை ஒட்டிக் குப்பம்மா கேட்கிறாள்:
"இன்னா சார், மலையில மழையா?
நம்ம மலைக்கு இன்னா போட்டுக்கிறான்?"

தேடிப் பார்த்தேன்.
கொடுங்கையூர் என்று அடித்தால்
ஒரு மேகம், இரண்டு துளி.
சமவெளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது போன்.
என் முதுகுக்குப் பின்னால் ஊரே கொட்டிக் கொட்டி
மாடி மாடியாய் எழுந்து புகைவது
அதன் கணக்கில் இல்லை.

லாரி ஒன்று மேடை ஏறியது.
பதினோரு டன் நானூறு.
கோணலாய் அச்சான ரசீது ஒன்று மிச்சம் இருந்தது.
அதன் பின்பக்கம் நானே எழுத ஆரம்பித்தேன்.

புதன். கச்சான் காற்று.
புகை கொருக்குப்பேட்டைத் தண்டவாளம் தாண்டிப் போகும்.
மேற்குச் சரிவில் மூச்சு விடலாம்.
ரப்பர் செருப்பு வேண்டாம், உள்ளே கனல் இருக்கும்
மேலே தெரியாது.
மரியதாஸுக்கு மாசியில் பூட்ஸே உருகியது.

வியாழன். காற்று கிடையாது.
இதுதான் மோசம். எழுந்த இடத்திலேயே புகை உட்காரும்,
வட்டி கேட்க வந்தவன் வாசலில் உட்காருவதுபோல்.
காக்கை உச்சியை விட்டு இறங்கினால்
நீங்களும் இறங்கவும்.

வெள்ளி. சாயங்காலம் கொண்டல்.
காசிமேட்டு வாடை மூக்கில் ஏறினால் அரை மணியில் மழை.
முதல் தூறலில் மலை ஆவி விடும்,
பீடி கொளுத்தாதீர்.
மண் கழுவி இரும்பு மேலே தெரியும் நாள்.
இதை எழுதலாமா என்று யோசித்தேன்.
எழுதினேன்.

சனி, கனமழை.
புல்டோசர் வெட்டிவிட்ட கிழக்கு விளிம்பில்
கால் வைக்க

"ஓரம் போ, ஓரம் போ!" இன்னொரு லாரி.
ஒன்பது டன். சொட்டுகிறது.
திரும்பி வந்தபோது வாக்கியம் மறந்துவிட்டது.
கால் வைக்க வேண்டாம் என்று முடித்தேன்.
ஞாயிறு: கொண்டல் நீடிக்கும்.

வாசித்துக் காட்டினேன்.
சாக்கைத் தலைக்கு முண்டாய்ச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.
"காக்கா எறங்காது சார், அதுக்கு இன்னா பயம்.
பருந்தைப் பாரு. பருந்து சுத்தலேன்னா
அடியில ஏதோ நடக்குதுன்னு அர்த்தம்."
காக்கையை அடித்துப் பருந்து என்று திருத்தினேன்.

"மூணு புள்ள தங்கலியாம் எங்கம்மாவுக்கு.
நாலாவதா என்னைக் குப்பையில பொரட்டி எடுத்து
இந்தப் பேரை வெச்சாங்க, சாவு தொடாதுன்னு."
சிரித்தாள்.
"எடுக்க மறந்துட்டாங்க போல."

ரசீதை நான்காய் மடித்து
பால் கவருக்குள் வைத்துக்கொண்டாள்.
வெள்ளியைப் பற்றி மட்டும் மறுபடி கேட்டாள்.
"இரும்பு தெரியும்னு போட்டுக்கிற, நிச்சயமா?"

வெள்ளி இரவே வேன்காரரின் செய்தி வந்தது.
மலைக்கு அனுமதி ரத்து, பணம் அடுத்த முறைக்கு வரவு.
சனி முழுக்கத் தண்டையார்பேட்டையில்
எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் மேல் மழை அடித்தது.
நான் நாகலாபுரத்து ஓடையை நினைக்கவில்லை.
கிழக்கு விளிம்பு என்று எழுதினேனா
மேற்கு என்றா?
மனைவி இரண்டு முறை கேட்டாள், பல் வலியா என்று.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது.
பக்கத்து வீட்டு மொட்டைமாடி ஏறிப் பார்த்தேன்.
அத்தனை மழைக்கும் அணையாமல்
புகை தெற்கே வியாசர்பாடிப் பக்கம் சாய்ந்து கிடந்தது.

அப்படியானால் வாடைக் காற்று.
நான் எழுதியது தப்பு.
அதற்கு மேலே, மிக உயரத்தில்,
பருந்தா, கண்ணில் நீரா,
ஒரு புள்ளி.